கட்டிய சாக்கைப் பிரித்தவர்

எங்கள் சபையில் யார் இறந்தாலும் வாழ்க்கைக் குறிப்பு எழுதுவது என் வேலை. யாரும் என்னை நியமிக்கவில்லை. முன்பு எழுதிக்கொண்டிருந்த தமிழ் வாத்தியார் ரிட்டயராகி மகனோடு ஓசூருக்குப் போவதற்குக் கொஞ்ச நாள் முன்பு, அவர் எழுதிய ஒன்றை நான் எல்லோர் முன்னாலும் குறை சொன்னேன். அவர் போன பிறகு போதகர் அதை ஞாபகம் வைத்திருந்து, இனிமேல் நீங்களே எழுதுங்கள் என்று என் தலையில் கட்டிவிட்டார். டவுன்ஷிப் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்தவளுக்கு இந்த வேலை வந்த கதை இதுதான். வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது எனக்குப் புதிதில்லை.

சர்ச்சை நாங்கள் கோயில் என்றுதான் சொல்வோம். அங்கே அடக்க ஆராதனையில், பெட்டியை மூடுவதற்கு முன், ஒருவர் எழுந்து நின்று இறந்தவரின் வாழ்க்கையை வாசிப்பார். எங்கே பிறந்தார், எப்போது வேலையில் சேர்ந்தார், யாரை மணந்தார், எத்தனை பிள்ளைகள், எப்படிப்பட்டவர். முதல் நான்கிலும் யாரும் பொய் சொல்வதில்லை. கடைசிக் கேள்விக்கு வரும்போதுதான் அவிழ்த்துவிடுவார்கள். பலாமரக் கிளை ஒன்று வேலி தாண்டி வந்ததற்காகப் பக்கத்து வீட்டோடு வருஷக்கணக்கில் பேச்சை நிறுத்தியிருந்த ஒருவரை, "பழகுவதற்கு இனியவர்" என்று வாசிக்க நானே கேட்டிருக்கிறேன். அந்தப் பக்கத்து வீட்டுக்காரர் எனக்கு முன்வரிசையில் உட்கார்ந்து இருமிக்கொண்டே இருந்தார்.

அதனால் எழுத ஆரம்பித்ததும் எனக்கென்று ஒரு விதி வைத்துக்கொண்டேன். சொல்லப் பிடிக்காததை விட்டுவிடலாம், ஆனால் இல்லாததைச் சேர்க்கக் கூடாது. இந்த விதியை வைத்துக்கொண்டு ரொம்ப காலம் ஓட்டினேன். முன்கோபிகளை "நேர்மையாகப் பேசுபவர்" என்று எழுதவில்லை. அவர்கள் வளர்த்த ரோஜாச் செடிகளைப் பற்றி எழுதினேன். எங்கள் பிளாக்கின் பாம்பு பிடிக்கிற தம்பி இறந்தபோதுதான் அந்த விதி என்னைக் கைவிட்டது.

அவருக்கு நிலக்கரி மைன்ஸில் கன்வேயர் பெல்ட் பக்கம் வேலை. கான்ட்ராக்டாகச் சேர்ந்து, காத்திருந்து, பெர்மனென்ட் ஆனவர். ஆனால் டவுன்ஷிப்பில் அவரைத் தெரிந்தவர்களில் பாதிப் பேருக்கு அவர் என்ன வேலை பார்த்தார் என்று தெரியாது. இங்கே மனிதர்களைவிட மரங்கள் அதிகம். ஒவ்வொரு குவார்ட்டர்ஸுக்கும் பின்னால் சருகு, சருகுக்கடியில் எலி, எலியைத் தேடி மற்றது. ஷூவுக்குள், மோட்டார் பெட்டிக்குள், காயப்போட்ட துணிக்குள் என்று எங்காவது ஒன்று வந்து உட்கார்ந்துவிடும். உடனே அவருக்குத்தான் போன் போகும். ஷிப்ட் முடிந்து படுத்த மனுஷன் எழுந்து, கொக்கிக் கம்பியையும் துணிப்பையையும் எடுத்துக்கொண்டு ஸ்கூட்டரில் வந்துவிடுவார். பிடித்ததைத் தைலமரக் காட்டுப் பக்கம் கொண்டுபோய் விட்டுவிடுவார். காசு கொடுத்தால் கோபப்படுவார். டீ கொடுத்தால் சர்க்கரை தூக்கலாகக் கேட்பார்.

அடக்கமான ஆள் என்று நினைத்துவிட வேண்டாம். அடக்கத்துக்கும் அவருக்கும் சம்பந்தமே இல்லை. ஐம்பதை நெருங்கியவர் மீசைக்கு மட்டும் மை போடுவார், தலைமுடியை அப்படியே விட்டுவிடுவார். சட்டைப் பையில் எப்போதும் ஒரு சின்னச் சீப்பு இருக்கும். என் வீட்டு வாஷிங் மெஷினுக்குப் பின்னால் ஒருமுறை சாரைப் பாம்பு புகுந்துகொண்டது. எத்தனையோ பிள்ளைகளைப் பெஞ்சின்மேல் ஏற்றி நிற்க வைத்த நான் அன்று டைனிங் டேபிள்மேல் ஏறி நின்றேன். அவர் வந்தார், ஹாலில் இருந்த கண்ணாடியைப் பார்த்து மீசையைச் சீவிக்கொண்டார், பிறகு என்னைப் பார்த்து, "டீச்சர், எறங்காதீங்க. அங்கேர்ந்தே வீடியோ எடுங்க, வெளிச்சம் நல்லா விழும்" என்றார். பாம்பைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வாசலில் கூடியிருந்தவர்களுக்கு ஒரு சொற்பொழிவும் ஆற்றினார். பாம்பு நம் எதிரி இல்லை, பயந்துபோன ஜீவன் என்று ஆரம்பித்துப் பத்து நிமிஷம் பேசினார். எல்லோரும் கைதட்டினோம். அந்தக் கைதட்டலுக்கு அவர் முகம் மலர்ந்ததைப் பார்க்கவே நன்றாக இருந்தது. எனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும்.

அவர் சாவுக்குக் காரணமான அந்த ரிசப்ஷனுக்கு நானும் போயிருந்தேன். அவரோடு வேலை பார்த்தவர் வீட்டுக் கல்யாணம். அவரும் மனைவியும் வந்திருந்தார்கள். ஒரே மகள் சிதம்பரத்தில் ஹாஸ்டலில் தங்கிப் படிப்பதால் வரவில்லை. எனக்குச் சர்க்கரை மாத்திரை இருப்பதால் மேடைக்குப் போகிற வரிசையில் நிற்காமல் முதல் பந்தியிலேயே உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டேன். கை கழுவும் இடம் சமையல்கட்டை ஒட்டி இருந்தது. அங்கே நிற்கும்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. குக்கரில் விசில் வருவதற்கு முன் ஆவி சீறுமே, அந்த மாதிரி. விட்டு விட்டு வந்தது. சமையல்காரர் கேஸ் லீக் என்று நினைத்து அடுப்பையெல்லாம் அணைத்து, ஜன்னல்களைத் திறக்கச் சொல்லிக் கத்தினார். மூலையில் மணைமேல் உட்கார்ந்து வாழையிலை நறுக்கிக்கொண்டிருந்த அம்மாதான் சத்தம் வரும் இடத்தைக் கண்டுபிடித்தது. அந்த அம்மாவின் காலுக்கும் இலைக்கட்டுக்கும் நடுவே கண்ணாடி விரியன் சுருண்டு கிடந்தது.

சமையல்காரரையும் என்னையும் தவிர எல்லோரும் ஓடினார்கள். காலை அசைத்தால் கடித்துவிடும் என்பதால் அந்த அம்மாவால் ஓட முடியாது. யாரோ போய் மேடை வரிசையில் நின்றுகொண்டிருந்தவரைக் கூட்டிவந்தார்கள். பட்டுச் சட்டை, புதுச் செருப்பு. சீப்பை எடுப்பார் என்று நினைத்தேன். எடுக்கவில்லை. போனைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வந்தவர்களை முதல் வேலையாக வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினார். கை கழுவும் தொட்டிப் பக்கம் ஒட்டிக்கொண்டிருந்த என்னை அங்கேயே நிற்கச் சொல்லிச் சைகை காட்டினார். உள்ளே அவர், சமையல்காரர், இலை நறுக்கும் அம்மா, நான். வேறு யாரும் இல்லை.

அவர் தரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். அந்த அம்மாவிடம், "அக்கா, இந்தக் காலு இப்ப உங்களோடது இல்ல. கல்லுன்னு நெனச்சிக்கோங்க. நான் சொல்ற வரைக்கும் என் மூஞ்சியவே பாருங்க" என்றார். குரல் அவ்வளவு தாழ்ந்து நான் கேட்டதே இல்லை. சமையல்காரரிடம் அண்டா கிளறும் நீளத் துடுப்பையும் ஒரு பெரிய வாளியையும் காலி அரிசிச் சாக்கையும் வாங்கினார். துடுப்பை அந்த அம்மாவின் காலுக்கும் பாம்புக்கும் நடுவே ஒரு சுவர் மாதிரி மெல்ல நுழைத்தார். வாளியை எதிரே படுக்க வைத்தார். பிறகு காத்திருந்தார். சும்மா காத்திருந்தார். நெற்றி வியர்வை மூக்கு நுனியில் சொட்டியபோதும் துடைத்துக்கொள்ளவில்லை. கடைசியில் அது சுருள் பிரிந்து வாளியின் இருட்டுக்குள் போனது. வாளியை நிமிர்த்தி, அதன் வாய்மேல் சாக்கைக் கவிழ்த்து, அப்படியே புரட்டி, சாக்கின் வாயை முறுக்கிக் கயிற்றால் ஒரு முடிச்சு, அதன்மேல் இன்னொரு முடிச்சு போட்டார். பாம்பை அவர் கை தொடவே இல்லை.

முடித்ததும் அவர் ஒரு சொம்புத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தார். இலை நறுக்கும் அம்மா அப்போதுதான் அழத் தொடங்கியது. அவர் தோளில் கைவைத்து, ஒன்றுமில்லை, காலை நீட்டுங்கள் என்றார். ஒரு மனிதன் இன்னொரு உயிருக்காக இவ்வளவு பொறுமையாக இருந்ததை என் வாழ்நாளில் நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

பிறகு கதவைத் திறக்கப் போனார். வெளியே கூட்டம் இருப்பது சத்தத்திலேயே தெரிந்தது. தாழ்ப்பாளில் கைவைத்தவர் ஒரு நிமிஷம் நின்று, சட்டைப் பையிலிருந்து சீப்பை எடுத்து மீசையைச் சீவிக்கொண்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. கதவு திறந்ததும் கைதட்டல் கூரையைப் பிய்த்தது.

நான் அந்த அம்மாவுக்குத் துணையாக உள்ளேயே இருந்துவிட்டேன். அதனால் மேடையில் நடந்ததை நான் நேரில் பார்க்கவில்லை. பிறகு எல்லோரையும் போல வீடியோவில்தான் பார்த்தேன். ரிசப்ஷன் என்றால் வந்தவர்கள் எல்லோரும் மேடையேறி மாப்பிள்ளை பெண்ணோடு போட்டோ எடுத்துக்கொண்டாக வேண்டுமே, அவரையும் கூப்பிட்டார்கள். சாக்கோடு ஏறினார். போட்டோ எடுப்பவர், "அண்ணே, அதோட ஒண்ணு" என்றார். மாப்பிள்ளையின் நண்பர்கள் கீழேயிருந்து விசிலடித்தார்கள். அவர் வேண்டாம் என்று தலையாட்டுவது வீடியோவில் தெரிகிறது. இரண்டாவது தடவையும் தலையாட்டுகிறார். மூன்றாவது தடவை சிரிக்கிறார். பிறகு முடிச்சுகளை அவிழ்க்கிறார். கொக்கிக் கம்பி கிடையாது, மேடை முழுக்க அடுப்பு மாதிரி விளக்குகள். பாம்பைக் கையால் பிடித்துக்கொண்டு, "பாம்பு நம்ம எதிரி இல்லீங்க" என்று ஆரம்பிக்கிறார். அது திரும்புகிறது. அலறல் கேட்கிறது. வீடியோ எடுத்தவர் ஓடியிருக்க வேண்டும், கூரை, நாற்காலி, யாருடைய செருப்போ தெரிந்து, அதோடு நின்றுவிடுகிறது.

இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் போராடினார்கள். மூன்றாம் நாள் காலையில் போய்விட்டார்.

பிளாக் வாட்ஸ்அப் குழுவில் அன்றே தீர்ப்பு எழுத ஆரம்பித்துவிட்டார்கள். ஒரு கட்சி அவரை மாவீரன் ஆக்கியது. குடியிருப்போர் சங்கச் செயலாளர் ஃப்ளெக்ஸ் பேனருக்கு வாசகம் கேட்டார், யாரோ "வீரமரணம்" என்று போட்டார்கள், இன்னொருவர் அதற்கு முன்னால் "ஒப்பற்ற" என்று சேர்த்தார். இன்னொரு கட்சிக்கு என் எதிர்வீட்டு இன்ஜினியர் தலைமை. இவரே போய் வாங்கிக்கொண்ட சாவு, திமிர், இதில் என்ன வீரம் வேண்டிக்கிடக்கிறது என்று எழுதினார். அந்த இன்ஜினியர் வீட்டு ஷூ அலமாரியிலிருந்தும் கார் ஷெட்டிலிருந்தும் பாம்பை எடுத்துப் போனது இதே மனுஷன்தான். எனக்கு வந்த கோபத்தில் ஒரு நீளமான பதிலை அடித்து, அப்புறம் அழித்துவிட்டேன். ஏனென்றால் அவர் சொன்னதில் ஒரு வரிகூடப் பொய் இல்லை. கட்டிய சாக்கை அவிழ்த்தது அவர்தானே.

உடல் வரக் காத்திருந்த அன்று மத்தியானம் அவர் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி குறிஞ்சிப்பாடி பக்கத்துப் பெண். வீட்டில் தையல் மெஷின் வைத்து பிளாக் முழுக்க ஜாக்கெட் தைத்துக் கொடுப்பாள். மெஷினுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள். அழுது ஓய்ந்த முகம் இல்லை, கோபத்தில் இறுகிப்போன முகம். என்ன எழுதட்டும் என்று கேட்க வாயெடுத்தேன், அதற்குள் அவளே ஆரம்பித்தாள்.

"பொறந்தது வளந்தது எழுதுங்க டீச்சர். கோயிலுக்கு வந்தது எழுதுங்க. பாம்பப் பத்தி ஒரு வார்த்த எழுதாதீங்க."

அவரைப் பற்றி எழுதினால் பாம்பு வராமல் எப்படி என்று கேட்டேன். அவள் உள்ளறைப் பக்கம் கைகாட்டினாள். மகள் அங்கே சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அவள் பக்கத்தில் அப்பாவின் கொக்கிக் கம்பி. அன்று காலையில் அவர் போன் அடித்திருக்கிறது. யாரோ விஷயம் தெரியாதவர்கள், வீட்டில் பாம்பு என்று கூப்பிட்டிருக்கிறார்கள். மகள் ஒன்றும் பேசாமல் கம்பியையும் பையையும் எடுத்துக்கொண்டு போய்ப் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறாள். துக்கத்துக்கு வந்த சொந்தக்காரர்கள் அதையும் மெச்சியிருக்கிறார்கள், அப்பனைப் போலவே தைரியம் என்று.

"பொணம் இன்னும் வூட்டுக்கு வரல. அதுக்குள்ள இவ கம்பிய எடுத்துக்கினு போறா. நாளைக்கு நீங்க கோயில்ல அவரத் தூக்கி வெச்சிப் பேசுவீங்க, இவ கேட்டுக்கினு இருப்பா. அப்பறம் இவள யாரு புடிச்சி நிறுத்தறது? கை தட்டித் தட்டித்தான் அவர அனுப்பி வெச்சீங்க. இவளயாவது எனக்கு வுடுங்க."

அவள் கேட்டது நியாயம். என் விதிக்கும் பொருந்தும். சொல்லப் பிடிக்காததை விட்டுவிடலாம். பிறந்த ஊர், படிப்பு, திருமணம், ஒரு மகள், பாட்டுக் குழுவில் பாடினார், அவ்வளவோடு முடித்துவிட்டு வந்துவிடலாம். ஆனால் எனக்கு அதற்கு மனசு வரவில்லை. சமையல்கட்டில் நடந்தது உனக்குத் தெரியுமா என்று அவளிடம் கேட்டேன். தெரியாது. அவள் அப்போது மேடைக்கு முன்னால் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். பாம்பு என்றதும் வழக்கம்போலக் கூட்டத்துக்காகத்தான் ஓடினார் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

நான் முழுவதும் சொன்னேன். கதவைச் சாத்தியது, போன்களை வெளியே அனுப்பியது, இலை நறுக்கும் அம்மாவின் காலைக் கல் என்று சொன்னது, துடுப்பு, வாளி, கையே படாமல் பிடித்தது, பிறகு ஒரே மூச்சில் தண்ணீர் குடித்தது. அவள் குறுக்கிடாமல் கேட்டாள். கடைசியில் கேட்டது ஒன்றுதான்.

"அவ்ளோ தெரிஞ்ச மனுசன் ஏன் டீச்சர் மேடையில அவுத்தாரு?"

கைதட்டல் அவருக்குப் பிடிக்கும் என்று அவளிடம் நான் சொல்ல வேண்டியதில்லை. பிறகு அவள், இன்னொரு குற்றத்தைச் சொல்வதுபோல, அதே கோபத்தோடு சொன்னாள்.

"கடிச்ச அப்பறமும் வுடல டீச்சர். ஒதறிட்டு ஓடியாந்திருக்கலாம்ல? முன்னாடி கொழந்தைங்கள தரையில உக்கார வெச்சிருந்தாங்க. அதுங்க மேல வுழுந்துடும்னு கெட்டியா புடிச்சிக்கினு நின்னாரு. மேடையில இருந்தவங்க எல்லாம் ஓடிட்டாங்க. இவரு ஒத்தையா நின்னு அத உள்ள வுட்டு, ரெண்டு முடிச்சும் போட்டாரு. போட்டுட்டு அப்பறந்தான் என்னப் பாத்தாரு."

அப்போதுதான் அவள் அழுதாள்.

நான் எத்தனையோ பேர் அந்த வீடியோவைப் பற்றிப் பேசக் கேட்டிருக்கிறேன். இதை யாரும் சொல்லவில்லை. வீடியோவில் இது இல்லை. எடுத்தவர் ஓடிவிட்டார். முதல் பகுதிக்கு நான் சாட்சி, கடைசிப் பகுதிக்கு இவள் சாட்சி. நடுவில் இருந்த தப்பை மட்டும் ஊர் முழுக்கப் பார்த்திருக்கிறது. அதை வைத்துக்கொண்டுதான் ஒரு கட்சி மாவீரன் என்றது, ஒரு கட்சி திமிர் என்றது.

கணக்குப் பேப்பர் திருத்தியே காலம் போனவள் நான். விடை தப்பு என்றதும் முழுப் பக்கத்தையும் அடித்துவிடுகிற ஆசிரியர்கள் உண்டு, விடை சரியென்றால் நடுவில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்காமலே மதிப்பெண் போடுகிறவர்களும் உண்டு. இரண்டு பேரும் பேப்பரைப் படிப்பதில்லை. நான் ஒவ்வொரு வரியாகப் படித்து மதிப்பெண் போட்டவள். இவர் விஷயத்திலும் அதைத்தான் செய்ய வேண்டும் என்று தோன்றியது. அவளிடம் சொன்னேன். பாம்பைப் பற்றி எழுதாமல் விட்டால் அவள் மகள் ஊர் வாயிலிருந்து மாவீரன் கதையைக் கேட்பாள், அது இன்னும் ஆபத்து என்றும் சொன்னேன்.

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "எழுதினா மூணையும் எழுதுங்க. நடுவுல இருக்கறத முழுங்கிடாதீங்க. அத நல்லா சத்தமா படிங்க" என்றாள்.

மறுநாள் ஆராதனைக்கு முன் சங்கச் செயலாளர் நான் எழுதியதை வாங்கிப் பார்த்தார். நல்ல மனிதர்தான், முகம் வெளுத்துவிட்டது. செத்தவரைப் பற்றி இப்படிக் குறை சொல்லலாமா, வீட்டுக்காரர்கள் மனசு புண்படாதா, அந்த நடுப்பகுதியை மட்டும் எடுத்துவிடுங்களேன் என்று கெஞ்சினார். வீட்டுக்காரி சொல்லித்தான் எழுதினேன் என்றேன். போதகரிடம் போனார். போதகர் தாளை இரண்டு முறை படித்துவிட்டு, மெதுவாக வாசியுங்கள் என்று மட்டும் சொல்லித் திருப்பிக் கொடுத்தார்.

கோயில் நிறைந்து வாசலிலும் ஆட்கள் நின்றார்கள். மைன்ஸ் ஆட்கள் ஷிப்ட் உடுப்போடு வந்திருந்தார்கள். இலை நறுக்கும் அம்மா கடைசிப் பெஞ்சில் இருந்தது. போட்டோ எடுத்தவர் உள்ளே வரத் துணியாமல் வேப்பமரத்தடியில் நின்று அழுதுகொண்டிருந்தார். நான் பிறப்பு, பெற்றோர், வேலை, திருமணம் எல்லாம் வாசித்தேன். மீசைக்கு மை போட்டதையும் வாசித்தேன். பெட்டி பக்கத்தில் இருந்துகொண்டே சிலர் சிரித்தார்கள், சிரித்தபடி கண்ணைத் துடைத்தார்கள். சமையல்கட்டை வாசித்தபோது மகள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். பிறகு குரலை உயர்த்தி இதை வாசித்தேன்:

"கட்டி முடித்த சாக்கை அவர் மேடையில் பிரித்தார். அதற்கு எந்தத் தேவையும் இருக்கவில்லை. நாம் கேட்டோம், அவர் பிரித்தார். கைதட்டலை அவர் மிகவும் நேசித்தார். அந்த ஒரு தவறுக்கு அவர் தன் உயிரைக் கொடுத்தார்."

கோயிலில் ஒரு சலசலப்பு எழுந்தது. மகள் என்னைப் பார்த்த பார்வையில் நெருப்பு இருந்தது. என்னிடம் கணக்குப் படித்த காலத்தில் வகுப்பில் ஒரு முறைகூட என்னை எதிர்த்துப் பேசாத பிள்ளை. ஆனாலும் மூன்றாவதை வாசித்தேன். கடித்த பிறகும் விடாமல் நின்றது, முன்னால் குழந்தைகள் இருந்தது, எல்லோரும் ஓடிய மேடையில் தனியாக நின்று இரண்டு முடிச்சும் போட்டது. "அதற்குப் பிறகுதான் அவர் தன் மனைவியைப் பார்த்தார்" என்று முடித்தேன். மகளுக்கு அது தெரிந்திருக்கவில்லை. அவள் என்னை விட்டுவிட்டு அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். அம்மா தலையை மட்டும் அசைத்தாள். அவள் அம்மாவின் மடியில் முகம் புதைத்துக்கொண்டாள். நான் என் இடத்தில் வந்து உட்கார்ந்தேன்.

இப்படி ஒருவரைச் செத்த பிறகு புகழலாமா என்று யாராவது என்னைக் கேட்டால், தாராளமாகப் புகழலாம் என்பேன். தப்பே செய்யாத ஆட்களைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறேன், அவர்களில் பலர் யார் காலடியிலும் உட்கார்ந்து வியர்வை சொட்டக் காத்திருந்தது கிடையாது. இவருடைய தப்பு பெரியது. அந்தத் தப்பைச் செய்த பிறகும் அவர் எப்படி நின்றார் என்பது அதைவிடப் பெரியது. தப்பை மறைத்திருந்தால் அந்த நிற்றலும் சேர்ந்து மறைந்துபோயிருக்கும். பேனரில் கடைசியில் வெறும் பெயரும் படமும்தான் போட்டார்கள்.

மழைக்காலம் வந்தது. எதிர்வீட்டு இன்ஜினியரின் கார் ஷெட்டில் நல்லபாம்பு. பழக்கத்தில் பழைய நம்பருக்கே அடித்திருக்கிறார். ஸ்கூட்டர் வந்து நின்றது. ஓட்டிக்கொண்டு வந்தது அம்மா, பின்னால் மகள். வனத்துறை நடத்தும் பாம்பு பிடிக்கிற பயிற்சிக்குப் போய் வருகிறாள் என்று கேள்விப்பட்டிருந்தேன், அம்மா கூட வந்தால்தான் போகலாம் என்ற கட்டளையும் எனக்குத் தெரியும். காலில் முழங்கால்வரை பூட்ஸ், கையில் அப்பாவின் கொக்கிக் கம்பி. அம்மா வண்டியை விட்டு இறங்கவில்லை. இன்ஜினை அணைக்கவும் இல்லை. ஹேண்டில் பாரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஷெட் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பத்துப் பதினைந்து பேர் கூடிவிட்டோம். மகள் எங்களை கேட்டுக்கு அந்தப் பக்கம் நிற்கச் சொன்னாள். அவசரமே இல்லாமல் பிடித்தாள். பைக்குள் விட்டு வாயை முறுக்கி ஒரு முடிச்சுப் போட்டாள். அப்போது இன்ஜினியர் போனைத் தூக்கியபடி, "பாப்பா, ஒரே ஒரு போட்டோ, கொஞ்சம் தெறந்து காட்டேன்" என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, வாய் பழகிவிட்டது. சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்திருக்க வேண்டும், போனைத் தாழ்த்திக்கொண்டார். எனக்கு ஸ்கூட்டர் சத்தம் மட்டும்தான் கேட்டது.

"கட்டியாச்சு அங்கிள்" என்றாள். சொல்லிக்கொண்டே இரண்டாவது முடிச்சைப் போட்டாள்.

பையை எடுத்துக்கொண்டு வந்து வண்டியில் ஏறினாள். யாரும் கைதட்டவில்லை. அம்மா உடனே கிளம்பவில்லை. திரும்பிப் பார்க்காமலே ஒரு கையைப் பின்னால் நீட்டி, பையின் வாயைத் தேடிப் பிடித்து விரலால் தடவிப் பார்த்தாள். இரண்டு முடிச்சும் இருந்தன. வண்டியை எடுத்தாள்.